நூறு ரூபாய்த் தாள் எங்கே போகிறது? சந்தை, ஹைப்பர்மார்க்கெட், தோட்டத்து வாசல்: ஒரு மொரிஷியஸ் கணக்கு

எங்கள் நாட்டு நூறு ரூபாய்த் தாளில் இருப்பது ஒரு தமிழர் முகம். ரங்கநாதன் சீனிவாசன், கல்வி அமைச்சராக இருந்தவர், 1958ல் காலமானவர். தாளில் தமிழ் எழுத்தும் உண்டு. 1998 நவம்பரில் வந்த புதுத் தாள்களில் இந்தியை மேலே ஏற்றித் தமிழைக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று இங்குள்ள தமிழர்கள் கொதித்ததும், கடைசியில் பழைய வரிசைப்படி வேறு தாள் அச்சடிக்க வேண்டி வந்ததும் இந்தத் தீவில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எழுத்துக்காக அவ்வளவு சத்தம் போட்டோம். அந்தத் தாள் நம் கையை விட்டுப் போனபின் எங்கே போகிறது என்று மட்டும் கேட்பதில்லை. என்னைக் கேட்க வைத்தது ஒரு கட்டு முருங்கைக்கீரை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபிளாக் சந்தைக்குப் போனால் தமிழ் தெரியாதவர்களும் தமிழ்க் காய்கறிதான் வாங்குகிறார்கள். முருங்கை இங்கே 'மூரூம்'. பீர்க்கங்காய் 'பிப்பாங்காய்'. கறிவேப்பிலை தேய்ந்து 'கரிபுலே' ஆகிவிட்டது. கப்பலேறி வந்த நம் பாட்டன்மார் மொழியை விட்டாலும் கறிக்கூடையை விடவில்லை. நான் எப்போதும் கீரை வாங்குவது ஒரு வயதான அம்மாவிடம். ஊர் வழக்கப்படி அவரை 'தாந்தின்', அதாவது அத்தை, என்பேன். நான் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் அவர் என்னை 'மிசே', அதாவது ஐயா, என்பார். பேச்சு முழுக்க இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான், இங்கே தமிழில் தருகிறேன்.

"தாந்தின், இது உங்க தோட்டத்துக் கீரையா?"

"எனக்கேது மிசே தோட்டம்? விடியறதுக்குள்ள ஏலத்துல எடுத்தது. யாரு தோட்டமோ!"

பத்து வருடமாக 'விவசாயியிடம் நேராக வாங்குகிறேன்' என்று பெருமையடித்துக்கொண்டிருந்தவன் நான். அன்று கொஞ்சம் சுருக்கென்றது.

மொரிஷியஸில் காய்கறி நடக்கும் பாதை இதுதான். தோட்டக்காரர் மூட்டையை ஏலத்துக்குக் கொண்டுவருகிறார். ஏலம் விடுபவர் கமிஷன் எடுத்துக்கொள்கிறார். வாங்கி விற்பவர் அதைச் சந்தையில் பரப்புகிறார். அப்புறம்தான் என் கூடை. ஏலத்தில் விலை விழுந்த நாளில் தோட்டக்காரருக்கு மூட்டைக் கூலி தேறினாலே பெரிது. அதே நாளில் சந்தையில் விலை அவ்வளவாக இறங்காது. ஆக 'சந்தை' என்றதும் மனதில் எழும் படம், மண் ஒட்டிய கையும் நேர்மையான தராசும், பாதிதான் உண்மை.

சரி, அந்தப் பாதி உண்மைக்கு என்ன மதிப்பு? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். உதாரணத்துக்குத்தான் இந்த எண்கள். நூறு ரூபாய் ஒரு கைக்கு வந்து, அதில் அறுபதை அவர் அதே வட்டாரத்தில் செலவழிக்கிறார், அடுத்தவரும் அறுபது சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். 100, 60, 36, 21.6 என்று சுற்றிச் சுற்றி மொத்தம் 250 ரூபாய் வேலை நடக்கும். ஒவ்வொரு கையிலும் இருபது சதவீதம்தான் ஊருக்குள் நிற்கிறது என்றால் மொத்தமே 125. பொருளியல்காரர்கள் இதைப் பெருக்கி என்பார்கள். நம் வீட்டில் ஓட்டைப் பானை என்றால் போதும். எவ்வளவு ஊற்றுகிறோம் என்று பார்ப்பதோடு ஓட்டை எத்தனை என்றும் எண்ண வேண்டும். தாந்தின் என் காசை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் ரொட்டி வாங்குகிறார், பேரனுக்கு ட்யூஷன் கட்டுகிறார், தையற்காரியிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கிறார். ஏலக்காரரின் கமிஷன்கூடத் தீவை விட்டுப் போவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் சந்தையை ஹைப்பர்மார்க்கெட் என்ற பெரிய பல்பொருள் அங்காடி நெருங்க முடியாது.

ஆனால் ஹைப்பர்மார்க்கெட்டைத் திட்டுவது சுலபம் என்பதாலேயே கொஞ்சம் நிதானிக்கிறேன். அங்கே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண் என் பழைய மாணவி. அவளுக்கு மாதாமாதம் சம்பளச் சீட்டு வருகிறது. 2018 ஜனவரியில் வந்த குறைந்தபட்ச ஊதியம் அவளுக்குப் பொருந்தும். டிசம்பரில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் உண்டு, பிரசவ விடுப்பு உண்டு. சந்தையில் மூட்டை தூக்கும் பையனுக்கு இதில் ஒன்றாவது முறையாகக் கிடைக்கிறதா? மழை பெய்தால் அவனுக்கு அன்றைய கூலி இல்லை. மனிதர் நலம் என்று பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் அது கதையளப்பு. விலையும் எழுதி ஒட்டியிருக்கிறது; முகம் பார்த்துக் கூட்டிக் குறைப்பதில்லை. சக்கர நாற்காலியில் வரும் என் பெரியப்பா அங்கே தானே போய்த் தானே எடுத்துக்கொள்கிறார். சந்தையின் ஈரத்தரையில் அவரால் பத்தடி நகர முடியாது.

ஹைப்பர்மார்க்கெட் தோற்பது வேறு இடத்தில். உள்ளே நுழைந்ததும் கை எதை எடுக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். கீரைக்காகப் போய், தென்னாப்பிரிக்க ஆப்பிள், ஐரோப்பியச் சீஸ், நாலு பாக்கெட் நொறுக்குத்தீனியோடு வெளியே வருகிறோம். இந்த நாடு உண்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு கப்பலில் வருகிறது. அரிசி ஏறக்குறைய முழுக்க வெளியிலிருந்து. உழவு நிலத்தில் பெரும்பகுதி இன்றும் கரும்பு. சந்தைப் பூண்டும் வெங்காயமும்கூடப் பெரும்பாலும் கடல் கடந்தவைதான், அதை ஒளிப்பானேன். ஆனால் சந்தையில் கண்ணுக்கு முதலில் படுவது இந்தத் தீவில் விளைந்தது. அங்கே முதலில் படுவது கப்பலில் வந்தது. வாங்குபவன் மனசு பாதி கண்ணில் இருக்கிறது.

சுற்றுச்சூழல் கணக்குக்கு வந்தால் எனக்கே சங்கடம். 'உள்ளூர்' என்றால் 'பசுமை' என்று நாமாக ஒரு சமன்பாடு போட்டு வைத்திருக்கிறோம். மொரிஷியஸ் காய்கறித் தோட்டங்களில் பூச்சிமருந்து தாராளமாகத் தெளிக்கப்படுவது பழைய கவலை. 2018ல் இதற்கென்றே பூச்சிமருந்துப் பயன்பாட்டுச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். ஏலத்தில் எல்லா மூட்டையும் ஒன்றாகிவிடுகின்றன. கவனமாகத் தெளிப்பவருக்கும் கண்டபடி தெளிப்பவருக்கும் அங்கே ஒரே விலை. நல்லவராக இருக்க ஒரு ரூபாய்கூட அதிகம் கிடைக்காத இடத்தில் மண்ணை யார் பார்ப்பார்கள்? தரச்சான்று ஒட்டிய பொட்டலத்தை ஹைப்பர்மார்க்கெட்டில்தான் சுலபமாகப் பார்க்க முடிகிறது. கசப்பாக இருந்தாலும் அது அவர்கள் பக்கம் ஒரு புள்ளி.

அந்தப் பொட்டலத்தைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் அந்தப் புள்ளியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. பிளாஸ்டிக் பைக்கு இங்கே 2016 ஜனவரி 1 முதல் தடை. 2021ல் ஒருமுறை எறியும் தட்டு, ஸ்ட்ரா வகையறாவுக்கும் தடை வந்தது. ஆனால் வெள்ளரிக்காய்க்குச் சுற்றும் மெல்லிய உறை எங்கேயும் போய்விடவில்லை. தீவு முழுவதன் குப்பைக்கும் மார் ஷிக்கோஸ் என்ற ஒரே மேடுதான். தீவில் 'வேறெங்காவது கொட்டு' என்று சொல்ல இடம் கிடையாது. சந்தைக்குப் போகிறவர் தோளில் தாந்த் கூடை தொங்கும். அந்தக் காலத்தில் தாழை ஓலையில் முடைந்தது, இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் இழையில். எங்கள் வீட்டுக் கூடைக்கு என் மகளை விட வயது அதிகம்.

ஒரு குறிப்பு, என்னைப் பற்றி. ஒரு கட்டுக் கீரைக்காகச் சந்தைக்குக் காரை எடுத்துக்கொண்டு போய், நிறுத்த இடம் தேடி இரண்டு சுற்றுச் சுற்றுகிறேன். அந்தப் புகைக்கு என்ன கணக்கு என்று என் மனைவி கேட்டாள். பதில் சொல்லவில்லை.

மூன்றாவது வழி, தோட்டத்து வாசல். நண்பர் ஒருவர் சொல்லி, ரசாயனம் குறைத்துப் பயிரிடும் ஒருவரிடம் வாரம் ஒரு காய்கறிப் பெட்டி வாங்கச் சேர்ந்தேன். வாட்ஸ்அப்பில் செய்தி வரும், வெள்ளிக்கிழமை போய் எடுத்துக்கொள்ள வேண்டும். நூறு ரூபாய் முழுதாக அவர் கைக்குப் போகிறது, ஏலமில்லை, கமிஷனில்லை. எதைத் தெளித்தார் என்று கேட்டால் நின்று சொல்கிறார். ஒருமுறை வெண்டைச்செடியின் அடியில் மண்ணைக் கிளறிக் காட்டினார். கரும்புச் சோகையை மூடாக்காகப் போட்டிருந்தார். அதற்குக் கீழே மண் கறுத்து, ஈரமாக, மண்புழு நெளிந்துகொண்டிருந்தது. பக்கத்து நிலத்து மண் காய்ந்த செம்மண் கட்டியாகக் கிடந்தது. எத்தனை அறிக்கை படித்தாலும் அந்த இரண்டு பிடி மண் சொன்னதைச் சொல்லாது.

இதிலும் குறை உண்டு. தொடர்ந்து மூன்று வாரம் சௌசௌ வந்தது. கூட்டு, பொரியல், பருப்பு என்று போய் நாலாவது நாள் மகள் தட்டைத் தள்ளிவிட்டாள். விலையும் சந்தையை விடக் கூடுதல். வாத்தியார் சம்பளத்தில் எனக்குத் தாங்கும்; மூட்டை தூக்கும் பையனுக்குத் தாங்காது. ஏழைக்கு எட்டாத உள்ளூர்ப் பொருளாதாரம் வசதிப்பட்டவர்களின் பொழுதுபோக்காகிவிடும் என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

எந்த ஏற்பாடு நல்லது என்பது ஏற்பாடு உடையும் நாளில்தான் தெரிகிறது. புயல் அடித்து ஓய்ந்தால் சந்தையில் விலை கிடுகிடுவென ஏறும், பல நாள் கீரையே இருக்காது. அப்போது ஹைப்பர்மார்க்கெட்டின் உறைபனிப் பட்டாணிதான் கை கொடுக்கும். ஆனால் 2020 மார்ச் ஊரடங்கில் அதுவும் மூடியது. ஏப்ரல் 2ல் திறந்தபோது குடும்பப் பெயரின் முதலெழுத்துப்படி முறை வைத்தார்கள். எங்கள் தெருவின் வீராப்பன்களும் சுப்பிரமணியன்களும் புதன், சனிக்குக் காத்திருந்தோம். இடைப்பட்ட நாட்களில் எங்களை ஓட்டியது பக்கத்து வீட்டு மூரூம் மரமும், வேலிக்கு மேலே கைமாறிய பூசணியும். என் பாட்டி காலத்தில் இதையெல்லாம் மூலைச் சீனர் கடையின் 'கார்னே' பார்த்துக்கொண்டது. எழுதி வைக்கும் கடன் நோட்டு. கரும்பு வெட்டுக் கூலி வரும்வரை அரிசியும் உப்புமீனும் அந்த நோட்டில்தான் ஓடும். வட்டிக் கணக்குப் போடும் எந்த இயந்திரமும் 'இந்தக் குடும்பம் கட்டிவிடும்' என்று ஒரு மனிதன் அறிந்த அளவுக்கு அறியாது. அந்த நோட்டிலும் சுரண்டல் இருந்திருக்கலாம். பசித்து யாரும் படுக்கவில்லை என்று பாட்டி சொல்வார்.

அதே 2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ என்ற சரக்குக் கப்பல் தென்கிழக்குக் கரையில் பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்டில் எண்ணெய் கசிந்தபோது அந்தக் கரையிலுள்ள மயேபூர் மக்கள் கரும்புச் சோகையைத் துணியில் திணித்துத் தைத்து மிதவைத் தடுப்பு செய்து கடலில் இறக்கினார்கள். சோகை ஊர்க் கரும்பினுடையது, கையும் ஊர்க்காரர்களுடையது. யார் வீட்டில் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன வேலை தெரியும் என்று ஏற்கெனவே தெரிந்த ஊரால்தான் அவ்வளவு வேகமாக அதைச் செய்ய முடிந்தது என்பது என் எண்ணம். திங்கட்கிழமைச் சந்தை கூடும் ஊர் அது.

உள்ளூரிலேயே வாங்கி உள்ளூரிலேயே விற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. கரும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சர்க்கரைக்கு ஐரோப்பா கொடுத்துவந்த சலுகை விலை 2006 முதல் படிப்படியாக 36 சதவீதம் குறைந்தது, 2009ல் சர்க்கரை உடன்படிக்கையே முடிந்தது. சிறு கரும்புக்காரர்கள் பலர் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். நின்றவர்களில் சிலர் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, விளைவித்தவருக்கு நியாயமான பங்கு போகிறது என்று காட்டும் நியாய வணிகச் சான்று (Fairtrade) பெற்றார்கள். டன்னுக்கு 60 டாலர் கூடுதல் தொகை, அதை எதற்குச் செலவழிப்பது என்று சங்கமே கூடி முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை ஆயிரக்கணக்கான மைல் தள்ளிப் போகிறது, முடிவு கிராமத்தில் எடுக்கப்படுகிறது. சந்தை ஏலத்தில் மூட்டையோடு நிற்கும் தோட்டக்காரருக்கோ பத்து மைலுக்குள் விற்றும் விலையில் ஒரு சொல்லும் கிடையாது. இந்த இரண்டில் எது 'உள்ளூர்' என்று கேட்டால் நான் சங்கத்துப் பக்கம்தான் நிற்பேன்.

எங்கள் நாட்டைச் சேர்ந்த ரோத்ரிக் தீவில் 2012 முதல் ஆண்டில் சில மாதம் ஆக்டோபஸ் பிடிப்பதை நிறுத்தி வைக்கிறார்கள். அந்த மாதங்களில் அதைப் பிடிப்பவர்களுக்கு வேறு வேலை கொடுத்துக் கூலி தரப்படுகிறது. திறக்கும் நாளில் பிடிபடுவது கனமாக இருக்கிறது. கடலுக்கு ஓய்வு கொடுத்தால் அந்த ஓய்வுக்கு யாரோ கூலி தர வேண்டும் என்பதைப் புரிந்துகொண்ட ஏற்பாடு. நம் மண்ணுக்கு அப்படி ஒன்று எப்போது வரும்?

இப்போது எங்கள் வீட்டுப் பணம் இப்படிப் பிரிகிறது. கீரையும் வெண்டையும் தோட்டத்து வாசலில், சௌசௌ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு. மற்ற காய் சந்தையில். அரிசி, எண்ணெய், சோப்பு ஹைப்பர்மார்க்கெட்டில், கையில் சீட்டு எழுதிக்கொண்டு, நொறுக்குத்தீனி வரிசைக்குள் நுழையாமல். பெரியப்பா கூட வந்தால் நுழைவோம்.

போன ஞாயிறு தாந்தினிடம் மூரூம் கேட்டேன். கட்டை நீட்டியபடியே, "இது மோந்தாய்ன் பிளான்ஷ் பக்கத்துத் தோட்டம் மிசே. ஏலத்துல அந்த ஆளையே கேட்டேன், போன வாரம் மருந்து அடிக்கலையாம்," என்றார். அவர் சொன்னதை நம்புவதா என்று தெரியவில்லை. சீனிவாசன் தாளை நீட்டினேன். சில்லறையோடு நாலு பச்சை மிளகாயும் வந்தது.