வரியில் மருத்துவமா, சந்தாவில் மருத்துவமா?

ஜெர்மனியில் சில வருடங்கள், பிரிட்டனில் சில வருடங்கள் சம்பளம் வாங்கியவன் நான். எங்கே நிலையாக இருப்பது என்று யோசித்து, கடைசியில் பிரிட்டன் பக்கம் சாய்ந்தேன். மருத்துவம் மட்டுமே காரணமில்லை, ஆனால் அதுவும் ஒன்று.

ஜெர்மனியின் மருத்துவக் காப்பீட்டு முறை 1883இல், ஆட்சித் தலைவர் பிஸ்மார்க் காலத்தில் தொடங்கியது. சம்பளத்தில் 14.6 சதவீதம் சந்தா, பாதி தொழிலாளி, பாதி முதலாளி. அதற்கு மேல் கொஞ்சம் கூடுதல் பிடித்தமும் உண்டு. பிரிட்டனில் 1948 ஜூலை முதல் மருத்துவச் செலவின் பெரும்பங்கு பொது வரியிலிருந்து. இரண்டிலுமே டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போது யாரும் பில் நீட்டுவதில்லை. சரி, அதில் சமம்.

என்னை உறுத்தியது உச்சவரம்புதான். ஜெர்மனியில் குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேலே போனால் சந்தா அதற்குமேல் ஏறாது. கூடுதல் பிடித்தத்தை விட்டுவிட்டால், வரம்புக்குள் இருப்பவர் தன் பங்காக 7.3 சதவீதம் கட்டுகிறார். வரம்பைப் போல மூன்று மடங்கு வாங்குபவர் இதே முறையில் இருந்தால், அவர் கட்டுவது மொத்தச் சம்பளத்தில் 2.4 சதவீதம்தான். கட்டாயக் காப்பீட்டில் இருக்கும் ஊழியருக்கு வாடகை வரும்படி கணக்கிலேயே வராது. வருமான வரியில் நேர் எதிர்: மேலே போகப் போக விகிதம் கூடும். அப்புறம், நல்ல சம்பளக்காரர் பொதுக் காப்பீட்டைவிட்டுத் தனியார் காப்பீட்டுக்கே போய்விடலாம். அங்கே சேரும்போதே வயதையும் உடல்நிலையையும் பார்த்துச் சந்தா போடுவார்கள். ஆகவே, இளமையும் ஆரோக்கியமும் பணமும் உள்ளவருக்குத்தான் கிளம்பிப் போவது லாபம். நோயாளியின் செலவைப் பங்குபோட வேண்டியவர் வாசலைத் தாண்டிவிடுகிறார்.

ஜெர்மனிக்கும் நியாயம் சொல்ல வேண்டும். சம்பாதிக்காத துணைக்கும் பிள்ளைகளுக்கும் தனிச் சந்தா கிடையாது. வேலை போனாலும் காப்பீடு அறுந்துவிடாது. பிரிட்டனில் திட்டமிட்ட சிகிச்சையை 18 வாரத்துக்குள் தொடங்கும் இலக்கு பல வருடங்களாக எட்டப்படவில்லை. எனக்கு வந்ததெல்லாம் காய்ச்சலும் முதுகுவலியும்தான். மூட்டு மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர் என் தராசை ஒப்புக்கொள்வாரா என்பது சந்தேகம்.

இன்னொன்று, எந்த வரி என்பதும் முக்கியம். கானாவில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி, மருத்துவக் காப்பீட்டுக்கென்று பொருள், சேவைகள் மீது 2.5 சதவீதம் வாங்குகிறார்கள். விலக்குகள் உண்டு என்றாலும், வாங்குபவரின் வருமானம் என்ன என்று ரசீது கேட்பதில்லை. பிரிட்டனின் பொது வரியிலும், பொருள் வாங்கும்போது பொதுவாக 20 சதவீத விகிதத்தில் கட்டும் வாட் வரி கலந்தே இருக்கிறது. அந்தப் பங்கு ஏற ஏற, வரிதான் மேல் என்ற என் கட்சி இளைக்கும்.