கிளிப், அலைனர், ரீடெய்னர்: எட்டு வருடக் கணக்கு

பல்லுக்குக் கிளிப் போட்டது 2017 ஜூனில். அப்போது எனக்கு 31 வயது. மேல்வரிசை முன்னால் தள்ளியிருக்கும், கீழ்வரிசையில் இரண்டு பல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். விஷயம் தெரிந்ததும் மாமியார் கேட்டது இதுதான்: “ரெண்டு பிள்ள பெத்தாச்சு, இனிம பல்ல யாருக்குக் காட்டப் போற?” அழகுக்கு இல்லை அத்தை, இடுக்கில் பிரஷ் போகாமல் ஈறில் ரத்தம் வருகிறது என்றேன். பாதி உண்மை. மீதி அழகுக்காகத்தான்.

இடம் வேண்டுமென்று முதலில் முன்கடைவாய்ப்பல் நான்கைப் பிடுங்கினார்கள். மரத்துப்போக ஊசி போட்டதால் அது பெரிதாகத் தெரியவில்லை. அதற்கப்புறம் கடைவாய்ப்பற்களுக்கு நடுவில் சின்ன ரப்பர் வளையங்களைச் செருகி ஒரு வாரம் விட்டார்களே, அதுதான் கொடுமை. தேங்காய்ச் சில்லு இடுக்கில் மாட்டிக்கொண்டு வரவே மாட்டேனென்றால் எப்படி இருக்கும்? ஏழு நாளும் அப்படி. கம்பி மாட்டிய மறுநாள் இட்லியைக் கடிக்க முடியவில்லை. மிகைப்படுத்தவில்லை, இட்லியைத்தான் சொல்கிறேன். ரவைக் கஞ்சி, குழைய விட்ட தயிர்சாதம், நான்காம் நாள் பொங்கல் என்று ஏறி வந்தேன். பிறகு மாதா மாதம் கம்பியை இறுக்கும்போது இரண்டு நாள் வலி, அவ்வளவுதான்.

முதல் மாதம் கம்பியைப் பிடித்துக் கட்டும் ரப்பருக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டார்கள். வெளியே தெரியாமல் இருக்கட்டுமே என்று கண்ணாடி நிறம் கேட்டேன். அன்று மதியம் சாம்பார். சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தால் பல்லுக்குப் பல் மஞ்சள் பொட்டு வைத்தது மாதிரி! எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. வெளிநாட்டு வீடியோக்களில் காபி, ஒயின் என்று பயமுறுத்துவார்கள். நம் வீட்டில் மஞ்சள்தூள்தான் எதிரி. அடுத்த மாதத்திலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டேன். நம் சாப்பாட்டுக்கு அதுதான் சரி.

கிளிப்போடு வாழ்வது என்றால் பாதி நேரம் சுத்தம் செய்வதுதான். கறிவேப்பிலை கம்பிக்கும் பல்லுக்கும் நடுவில் பச்சைக்கொடி போல நிற்கும், வகுப்பில் பிள்ளைகள் சிரித்த பிறகுதான் நமக்குத் தெரியும். பாட்டில் கழுவும் பிரஷைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிறிதாக்கினது போல ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கிறது. அதைக் கம்பிக்கு அடியில் மேலும் கீழும் விட்டு, பிறகு ஃப்ளோரைடு பேஸ்ட்டில் சாதாரண பிரஷ். இரவில் எனக்கு முழுசாகப் பத்து நிமிடம் ஆனது. தண்ணீர் பீய்ச்சும் கருவியும் வாங்கினேன். பருக்கையை எடுக்கும், படிந்த அழுக்கை எடுக்காது; பிரஷுக்கு அது மாற்று இல்லை. இதில் சோம்பல்பட்டால் கிளிப்பைக் கழற்றும்போது ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைத் திட்டு நிற்கும். அது பற்சொத்தையின் முதல் படி. எனக்கு ஒரு பல்லில் நிற்கிறது.

கம்பி முனை கன்னத்தில் குத்தினால் மெழுகு கொடுப்பார்கள். ஈரத்தில் அது ஒட்டாது. டிஷ்யூவால் அந்த இடத்தை ஒற்றி எடுத்துவிட்டு, மெழுகை விரலில் உருட்டி அழுத்துங்கள். இது தெரியாமல் முதல் பொட்டலத்தில் பாதியை விழுங்கியிருப்பேன். முறுக்கு, சீடை, கரும்பு வேண்டாம் என்றார்கள். கிருஷ்ண ஜெயந்தியன்று ஒரே ஒரு சீடை. கடக். பல்லில் ஒட்டியிருந்த பிராக்கெட் பெயர்ந்து கம்பியில் ஊஞ்சலாடியது. அதைத் திரும்ப ஒட்டும்வரை அந்தப் பல் நகராது, சீடையின் விலை ஒரு மாதம்.

22 மாதத்தில் கழற்றினார்கள். நாக்கால் பல்லைத் தடவிக்கொண்டே வீடு வந்தேன், அவ்வளவு வழவழப்பு. நகர்த்திய பல்லை அதே இடத்தில் பிடித்துவைக்கும் கண்ணாடி மாதிரி உறை, அதாவது ரீடெய்னர், ஒரு ஜோடி கையில் கொடுத்து, இரவில் தொடர்ந்து போடச் சொன்னார்கள். கம்பி தள்ளும் பக்கம் எலும்பு கரைந்து, மறுபக்கம் புதிதாக ஊறித்தான் பல் நகர்கிறது. அந்த எலும்பு இறுக நாளாகும். ஈறிலுள்ள நார்களோ இழுத்த ரப்பர் மாதிரி பல்லைப் பழைய இடத்துக்கே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். இதெல்லாம் அன்றே விளக்கிச் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். 2020 ஊரடங்கில் கீழ் ரீடெய்னர் விரிசல் விட்டது. கிளினிக் திறக்கட்டும் என்று விட்டேன். திறந்த பிறகும் போகவில்லை. எப்படியும் முகக்கவசம்தானே! 2022 இறுதியில் கீழ்ப்பல் இரண்டும் மறுபடி தோள்மேல் தோள் போட்டு நின்றன.

இந்த முறை அலைனர்: பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும், கழற்றி மாட்டுகிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறை. சின்னத் திருத்தம் என்பதால் அதிலேயே முடியும் என்றார் டாக்டர். கிளிப்புக்கு 42,000 ரூபாய் கொடுத்தவள், ரீடெய்னரை மாற்றச் சோம்பல்பட்டதற்கு 1,40,000 கொடுத்தேன். இந்த அலைனரின் பூர்வீகமும் ரீடெய்னர்தான். 1997-இல் கலிஃபோர்னியாவில் அலைனர் செய்யும் அலைன் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜியா சிஷ்டிக்கு, தன் ரீடெய்னரைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்ததாம். அவருக்கு அதிலிருந்து நிறுவனம் வந்தது, எனக்குக் கடன் தவணை.

18 ஜோடி, பத்து நாளுக்கு ஒன்று, தினம் 22 மணி நேரம். மீதி இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று வேளைச் சாப்பாடு, டீ, பல் தேய்ப்பது எல்லாம் முடியவேண்டும். பச்சைத்தண்ணீர் தவிர எதைக் குடித்தாலும் கழற்றணும். ஸ்டாஃப் ரூமில் ஐந்து டீ குடித்துக்கொண்டிருந்தவள் இரண்டுக்கு இறங்கினேன். முதல் வாரம் ‘ஸ’, ‘ஷ’ வழுக்கியது. தமிழ்ப்பாடம் எடுப்பதால் செய்யுளில் தப்பித்தேன், வருகைப்பதிவில் மாட்டிக்கொண்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெயரில் பாதி ‘ஷ்’தானே.

கழுவுவது எளிது: பச்சைத்தண்ணீர், மிருதுவான தனி பிரஷ், துளி சோப்பு. பேஸ்ட் போட்டால் கீறல் விழுந்து மங்கும். வெந்நீர் ஆகவே ஆகாது. கீசர் தண்ணீரில் அலசிய ஒரு செட் வளைந்தே போனது. டப்பாவில் வைக்காமல் மேடையில் வைத்தால் எறும்பு வரும், அதுவும் பார்த்தாயிற்று.

பெரிய தவறு நடந்தது ஒரு கல்யாணப் பந்தியில். டப்பா கைப்பையில், கைப்பை காரில். அலைனரைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி இலை ஓரம் வைத்தேன். பாயசம் முடிந்தது, இலையை மடித்தேன், கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் மேசையில் அடுத்த பந்திக்குப் புது இலை. மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலைத் தொட்டியருகே பட்டுப்புடவையோடு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. கிடைக்கவில்லை. பழைய செட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததுதான் காப்பாற்றியது. டாக்டரிடம் போனில் கேட்டு, புதிது வரும்வரை அதையே போட்டேன்.

கடைசியில் கூடுதலாக ஏழு செட் தேவைப்பட்டது. எது மேல் என்று ஸ்டாஃப் ரூமில் கேட்கிறார்கள். பல் பிடுங்கி நகர்த்தும் பெரிய வேலை என்றால் நான் கிளிப்புக்கே ஓட்டுப் போடுவேன். நாம் மறந்தாலும் கம்பி வேலை செய்யும். அலைனர் நம்மை நம்பியிருக்கிறது. எதுவானாலும், பிடிஎஸ் முடித்து மேலே மூன்று வருடம் ஆர்த்தோடான்டிக்ஸில், அதாவது பல்வரிசையைச் சீராக்கும் துறையில், எம்டிஎஸ் படித்தவரிடம் போங்கள்.

இப்போது மேலே இரவு ரீடெய்னர், கீழே முன்பற்களுக்குப் பின்னால் ஒட்டிய மெல்லிய கம்பி. போன வாரம் அவித்த சோளக்கதிரைக் கடித்ததில் அந்தக் கம்பியின் ஒரு முனை விட்டுவிட்டது. சனிக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன்.