காற்றடிக்கும் மெஷின்: டயர் பிழைத்தது, பொறுமை போயிற்று

போன வாரம் காரின் முன்பக்க அலாய் வீல் ஒன்றுக்கு பெண்டு எடுத்தேன். அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன், கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பேச்சு, 12 வோல்ட் சாக்கெட்டில் செருகி டயருக்குக் காற்றடிக்கும் கையடக்க கம்ப்ரெசரைப் பற்றி. இரண்டு வருடத்துக்கு மேலாக என்னிடம் இருக்கிறது. வயர் நீளம், டிஜிட்டல் மீட்டர், டார்ச் எல்லாம் அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கும், விடுவோம்.

முதலில் நல்லது. பழைய செட் டயருக்கு எப்போதும் பங்க் காற்றுதான். டிரைவர் கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) என்கிறது. காற்றடிக்கும் தம்பி கேட்காமலே 40 வைத்துவிட்டு, "மைலேஜ் வரும் சார்" என்பார். டயர் ஓரத்தில் பெரிதாகப் பொறித்திருக்கும் எண்ணைக் காட்டி வாதாடியவர்களும் உண்டு. அது டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் காருக்கு வைக்க வேண்டிய அளவு இல்லை என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?

காற்று கூடினால் டயரின் நடுப்பகுதி புடைத்துக்கொண்டு அதுவே பாரத்தைச் சுமக்கும். அந்தச் செட்டைக் கழற்றியபோது நடுப் பள்ளங்களில், டயரை மாற்றும் நேரம் வந்ததைக் காட்டும் 1.6 மில்லிமீட்டர் தேய்மானக் கட்டை ரப்பரோடு ரப்பராகச் சமமாகிவிட்டிருந்தது. இரண்டு ஓரத்திலும் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள், பாதிக்கு மேல் பாக்கி. நல்ல ரப்பரைக் கடைக்காரரிடம் தள்ளிவிட்டு வந்தேன். காற்று குறைந்தால் நேர் எதிர், இரண்டு ஓரமும் போகும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் காற்றைத் திட்டாதீர்கள், அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பாருங்கள்.

இப்போதைய செட்டில் விரலை வைத்துக் குறுக்கே தடவினால் ஒரே மட்டம். மெஷின் வீட்டில் இருப்பதால், காலையில் வண்டி எடுக்கும் முன் குளிர்ந்த டயரில் அளக்க முடிகிறது. ஓடி வந்த டயர் நாலைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். பங்க்கில் அதைப் பார்த்து 33-க்கு இறக்கினால் மறுநாள் காலை 29-தான் இருக்கும்.

சரி, அலாய்க்கு வருவோம். ஒரு ஆணி ஏறி, டியூப்லெஸ் என்பதால் வெளியே தெரியாமல் காற்று இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. மழைத்தண்ணீர் நிறைந்த பள்ளம் ஒன்றில் இறங்கியதும் 'டங்'. வீட்டுக்கு வந்து அளந்தால் 24. என் டயர் 195/55 ஆர்16, அதாவது அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவீதம்; ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே ரப்பர் சுவர் வெறும் 107 மில்லிமீட்டர். காற்று குறைந்த டயர் பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கும். அடி நேராக அலாய்க்கு. வெளிப்பக்கம் கீறல்கூட இல்லை, உள்பக்க உதடு மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு மடங்கியிருந்தது. 80-ல் ஸ்டியரிங் ஆடியது அதனால்தான். நல்லவேளை, டயரின் பக்கவாட்டில் வீக்கம் வரவில்லை. வந்திருந்தால் உள்ளே நூல் அறுந்தது என்று அர்த்தம், ஒட்டெல்லாம் போட முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். இதில் மெஷினைக் குறை சொல்ல நியாயமில்லை. அளந்தபோது சரியாகத்தான் அளந்தது.

ஆனால் அந்த ஹோஸ் முனை! வால்வில் திருகி மாட்டும் வகை. 33 வந்ததும் மெஷின் தானாக நிற்கும். கழற்ற நாலைந்து சுற்று திருக வேண்டும், அத்தனை சுற்றும் 'புஸ்ஸ்'. தனி கேஜ் வைத்துப் பார்த்தால் 32, சில சமயம் அதற்கும் கீழே. ஆகவே 35 வைத்து, வேகமாகத் திருகி, மறுபடி அளந்து, மிச்சத்தை இறக்கி... இதற்கா டிஜிட்டல்? போதாததற்கு, இரண்டு டயர் அடித்த பிறகு அந்தப் பித்தளை முனை சுடுகிறது. துணி சுற்றிப் பிடித்தால் வழுக்குகிறது, விட்டால் காற்று போகிறது. காலால் மிதிக்கும் சாதாரண பம்பில்கூட ஒரு கொக்கி இருக்கும். தட்டினால் டப்பென்று கழன்று வரும், காற்றும் அவ்வளவாகப் போகாது. அது இவர்களுக்குத் தோன்றவில்லை.

விலை குறைந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று மச்சான் கேட்கிறான். வாங்காதேடா. ஒரு மிதி பம்பும் நல்ல கேஜும் போதும், காலுக்கும் வேலை. அதுவரை என்னுடையதை இரவல் கேட்காதே, தரமாட்டேன்.