மஞ்சள் டுகாட்டி 350 டெஸ்மோ: பதினோரு வருடமும் ஒரு முழங்காலும்

பாரிஸில் இருக்கும் நண்பர் போன வாரம் ஒரு விளம்பரத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். 1974ஆம் ஆண்டு டுகாட்டி 350 டெஸ்மோ, இத்தாலிய மோட்டார் சைக்கிள், ஒற்றை சிலிண்டர், மஞ்சள் நிறம். விலையில் ஆயிரத்து ஐந்நூறு யூரோ குறைத்திருக்கிறார்களாம். "வாங்கலாமா?" என்று ஒரே சொல்லில் கேள்வி. அதே மாடல் வண்டி பதினோரு ஆண்டுகளாக என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியும். கேள்வி வந்த வேளைதான் சரியில்லை. பழுதுபார்த்ததற்கு அறுநூற்று நாற்பது யூரோ கொடுத்துவிட்டு வந்து, முழங்காலில் ஐஸ்கட்டியை ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் எழுதுவதில் கொஞ்சம் எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குதிரைத்திறன், எடை, சக்கர அளவு எல்லாம் இந்த வண்டியைத் தேடுகிறவர்களுக்கு மனப்பாடம். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான்: இதை ஸ்டார்ட் செய்வது.

செல்ஃப் ஸ்டார்ட்டர் கிடையாது. கிக்கர் இடது பக்கம். அதாவது, வண்டியில் உட்கார்ந்தபடி பழக்கமில்லாத இடது காலால் உதைக்க வேண்டும். இல்லாவிட்டால் இறங்கி, இடது பக்கம் நின்று, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு வலது காலால் உதைக்க வேண்டும். கியர் வலது காலில் இருப்பது எனக்குத் தொந்தரவே இல்லை. கோயம்புத்தூரில் அப்பாவின் புல்லட்டில் ஓட்டப் பழகியவன் நான். ஆனால் அந்த புல்லட்டில் ஒரு கரிசனம் இருந்தது. எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரெஷர் பிடியை அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, பிறகு ஒரு மிதி. ஒல்லிப்பிச்சான் பையன்கூடக் கிளப்பிவிடுவான். மனிதன் உதைக்கப்போகிறான் என்று யோசித்துச் செய்த எஞ்சின் அது.

இத்தாலிக்காரி வேறு ரகம். பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். கார்புரேட்டரின் பக்கத்தில் இருக்கும் சிறு குமிழை, விரல் நுனி பெட்ரோலில் நனையும்வரை அழுத்த வேண்டும். கிக்கரை மெதுவாக இறக்கி, பிஸ்டன் மேலே வந்து முட்டி நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதை ஒரு மயிரிழை தாண்டவிட்டு, கிக்கரை மறுபடி உச்சிக்குக் கொண்டுவந்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், தயங்காமல், முழு உடம்பையும் இறக்க வேண்டும். தயங்கினால் திருப்பி உதைக்கும். அந்த உதை கணுக்காலில் புறப்பட்டு முழங்காலில் வந்து தங்கும். நல்ல நாளில் மூன்றாவது உதை. கெட்ட நாளில் பக்கத்து வீட்டு நாய்கூட அலுத்துப்போய் உள்ளே போய்விடும்.

ஏன் இப்படி என்பது புரிய எனக்கு ஆறேழு வருடம் பிடித்தது. காரணம் இந்த வண்டியின் பெருமையிலேயே இருக்கிறது.

சாதாரண எஞ்சினில் வால்வைத் திறப்பது கேம் என்னும் சுழலும் புடைப்பு, மூடுவது ஸ்பிரிங். சுற்று வேகம் ஏற ஏற ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாது. வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்துவிட்டால் எஞ்சின் அவ்வளவுதான். 1950களின் ஸ்பிரிங் எஃகும் இன்றைய தரத்தில் இல்லை. 1954இல் டுகாட்டியில் சேர்ந்த பொறியாளர் ஃபாபியோ தாலியோனி ஸ்பிரிங்கை நம்பவில்லை. திறப்பதற்கு ஒரு ரோக்கர் (சிறு நெம்புகோல்), இழுத்து மூடுவதற்கு இன்னொரு ரோக்கர் என்று வைத்தார். இதற்குத்தான் டெஸ்மோ என்று பெயர். யோசனை புதிதல்ல, மெர்சிடிஸ் தன் பந்தயக் காரில் முன்பே செய்திருந்தது. மோட்டார் சைக்கிளில் அதை விடாப்பிடியாக நிலைநாட்டியவர் தாலியோனி. 1956 ஜூலையில் ஸ்வீடனின் ஹெடமோராவில், ஜானி டெக்லி அந்தோனி அந்த 125 சிசி டெஸ்மோவில் மற்ற அத்தனை பேரையும் ஒரு முழுச் சுற்று பின்தள்ளி ஜெயித்தார். அடுத்த மாதமே மோன்ஸாவில் பயிற்சியின்போது விபத்தில் இறந்துபோனார். 1958இல் அதே மோன்ஸாவில் 125 பிரிவின் முதல் ஐந்து இடங்களும் டுகாட்டிக்கு. நம்மைப் போன்றவர்கள் காசு கொடுத்து வாங்கும்படி டெஸ்மோ கடைக்கு வந்தது 1968இல்தான்.

என் முழங்கால் கதைக்குள் வருவது இங்கேதான். ஸ்பிரிங் என்றால் வால்வை எப்போதும் அதன் இருக்கையில் அழுத்திக்கொண்டே இருக்கும். டெஸ்மோவின் ரோக்கர் வால்வை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடும். கடைசியில் ஒரு நூலிழை இடைவெளி மிச்சம் இருக்கும். எஞ்சின் ஓடும்போது உள்ளே எழும் அழுத்தமே வால்வை இறுக மூடிவிடுவதால் அந்த இடைவெளி ஒரு பொருட்டே அல்ல. ஆனால் மனிதக் கால் உதைக்கும் வேகத்தில் அழுத்தம் அந்த இடுக்கு வழியே நழுவிப்போகும். இது செய்தவர்களுக்கும் தெரியும். அதனால்தான் 1968இல் வந்த முதல் மாடலில் மெல்லிய ஸ்பிரிங்குகளையும் விட்டுவைத்திருந்தார்கள். நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றில் இந்த எஞ்சினுக்குக் குறையே சொல்ல முடியாது. பூஜ்யத்திலிருந்து ஆயிரத்துக்கு வருவதில்தான் எல்லாத் தகராறும்.

அந்த இடைவெளியைச் சரிசெய்யத்தான் அறுநூற்று நாற்பது யூரோ கொடுத்தேன். பட்டறையின் பெயர் வேண்டாம். பளபளவென்று வெள்ளைத் தரை, சுவரில் பழைய பந்தயப் படங்கள், காப்பி எந்திரம்கூட உண்டு. வண்டி திரும்பி வந்தபோது முன்பு மூன்றாவது உதையில் கிளம்பியது பதினெட்டாவது உதையில் கிளம்பியது. எண்ணினேன்.

என் வீடு போலோஞாவுக்குத் தெற்கே, பியானோரோ பக்கத்து மலைச்சரிவில். மேல் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாற்பது வருடம் கடைசல் எந்திரத்தில் நின்றவர். நான் மூச்சுவாங்குவதை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுச் செருப்போடு இறங்கி வந்தார். "எத்தனை கொடுத்தாய்?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். எஞ்சின் தலையின் மூடியைக் கழற்றச் சொன்னார். மூடும் ரோக்கரைக் கட்டைவிரலால் அழுத்தினார். வால்வு கீழே இறங்குவது என் கண்ணுக்கே தெரிந்தது. "இது இடைவெளி இல்லை, ஜன்னல்" என்றார்.

மறுநாள் மாலை ஒரு கண்ணாடித் துண்டு, எமரித்தாள், மைக்ரோமீட்டருடன் வந்தார். இடைவெளியை நிரப்பும் சிறு உலோகத் துண்டான ஷிம், அதில் அளவுக்குமேல் தடித்த புதிது ஒன்றை எண்ணெய் தொட்ட தாளின் மேல் வைத்து, ஒரே விரலால் எட்டுப் போடுவதுபோலத் தேய்த்தார். இருபது தேய்ப்பு, துடைப்பு, அளவு. மாட்டிப் பார்ப்பார், வால்வை விரலால் சுழற்றுவார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி தேய்ப்பார். இரண்டு வால்வுக்கும் மூன்று மணி நேரம். கடைசியில் வால்வு லேசாகச் சுழன்றது. மேலும் கீழும் அசைவு மட்டும் கைக்குத் தெரியவில்லை. காசு வாங்கவில்லை. தேய்த்துக்கொண்டே பேசியதுதான் அவருக்குக் கூலி.

1956இல் சிறுவனாக மதில்மேல் உட்கார்ந்து மோட்டோஜீரோ பார்த்தாராம். 1953 முதல் 1957 வரை நடந்த பந்தயம் அது. போலோஞாவில் புறப்பட்டு, நாட்டைச் சுற்றிப் பல நாள் ஓடி, போலோஞாவுக்கே திரும்பும். 175 சிசிக்கு மேல் அனுமதி இல்லை. தாலியோனி டுகாட்டிக்காகச் செய்த முதல் வண்டியான 98 சிசி மரியான்னா, 1955இல் தன் பிரிவை வென்றது இதில்தான். இந்த வண்டிகளின் மேல் இத்தாலியர்களுக்கு இருக்கும் பைத்தியத்துக்கு எல்லோரும் கோப்பைகளையும் பந்தய வீரர் அகோஸ்தினியின் பதினைந்து உலகப் பட்டங்களையும் காரணம் சொல்வார்கள். எனக்கு அந்த மதில்தான் காரணமாகத் தெரிகிறது. பந்தயம் இவர்கள் வாசல் வழியாகப் போனது. பால்காரரின் வண்டியும் பந்தயக்காரரின் வண்டியும் ஏறக்குறைய ஒரே அளவு. 1957 மே மாதம் மில்லே மில்யா கார் பந்தயத்தில் குயிதித்ஸோலோ அருகே ஒரு ஃபெராரி சாலையை விட்டுப் பாய்ந்தது. உள்ளே இருந்த இருவரோடு, வேடிக்கை பார்த்த ஒன்பது பேரும் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். இத்தாலியில் ஊர்விட்டு ஊர் போகும் பொதுச் சாலைப் பந்தயங்கள் அதோடு நின்றன, மோட்டோஜீரோவும் நின்றது. பெரியவர் அந்த இடத்தில் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, "நின்றது சரிதான்" என்றார்.

அவர் சொல்லித்தான் இன்னொன்றும் உறைத்தது. உலகப் பந்தயங்களில் 1986 வரை எஞ்சினை அணைத்துவைத்துத்தான் தொடங்குவார்கள். கொடி இறங்கியதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நாலு எட்டு ஓடி, கிளட்சை விட்டு, எஞ்சின் பிடித்ததும் ஏறிக்கொள்ள வேண்டும். "இந்த எஞ்சினின் தாத்தாவை யாரும் உதைத்ததில்லை. நீ ஏன் உதைக்கிறாய்? வாசலில் சரிவை வைத்துக்கொண்டு!" என்றார். பதினோரு வருடமாக அந்தச் சரிவில் குப்பைத்தொட்டியை மட்டும் உருட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டாவது கியர், கிளட்ச், கேட்டிலிருந்து எலுமிச்சைத் தொட்டிவரை உருளல், கிளட்சை விட்டால் ஒரு குலுக்கல், அவ்வளவுதான். மூக்கைத் துளைக்கும் எண்ணெய் வாசனையோடு எழுந்துவிடுகிறது.

எழுந்த பிறகு இந்த வண்டியைப் பற்றிக் கெட்ட வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. லோயானோ தாண்டி மோங்கிதோரோ வழியாக ராத்திகோஸா கணவாய்க்கு ஏறும் சாலை, மில்லே மில்யா ஓடிய அதே சாலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே இருக்கும் விடுதி வாசலில் நூறு குதிரைத்திறன், நூற்றைம்பது குதிரைத்திறன் வண்டிகளாக நிற்கும். நேர்ப்பாதையில் அவர்கள் என்னைப் பூச்சியைப்போலத் தாண்டிப்போவார்கள். வளைவுகளில் எனக்கு பிரேக்கே தேவைப்படாது. இடுப்பைச் சாய்த்தால் போதும், நினைத்த கோட்டில் நூல் பிடித்தாற்போலப் போகும். முழங்கால்களுக்கு நடுவே வண்டி இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு ஒல்லி. வலது பக்கம் வால்வுகளை இயக்க மேலே ஏறும் தண்டும் அதன் கூம்பு வடிவ பெவல் கியர்களும் எழுப்பும் மெல்லிய இரைச்சல், புகைக்குழாயின் சத்தத்துக்கு அடியில் தையல் எந்திரம்போலக் கேட்டுக்கொண்டே வரும். மூன்றாவது கியரில், ஐயாயிரத்தைத் தாண்டும்போது, அந்த இரண்டு சத்தமும் ஒன்றாகிவிடும். அதைக் கேட்பதற்காகவே தேவையில்லாமல் கியரைக் குறைத்திருக்கிறேன்.

1972 ஏப்ரல் 23 அன்று இமோலா பந்தயத்தில் பால் ஸ்மார்ட்டும் புரூனோ ஸ்பாஜியாரியும் டுகாட்டியின் இரட்டை சிலிண்டர் 750இல் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த பிறகு உலகம் இரட்டை சிலிண்டர் பின்னால் போய்விட்டது. ஒற்றை சிலிண்டர்களின் உற்பத்தி 1974இல் முடிந்தது. அந்த இரட்டை சிலிண்டர்களின் விலையைக் கேட்டால் நெஞ்சு வலிக்கும். அதற்கு என் முழங்கால் வலி தேவலாம்.

நண்பருக்கு: பார்க்கப் போனால் முதலில் எஞ்சினில் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே விற்பவர் கிளப்பி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குளிர்ந்திருந்தால் அவரையே உதைக்கச் சொல்லி எண்ணுங்கள். ஐந்துக்குள் கிளம்பினாலும் வாங்காதீர்கள். நீங்கள் இருப்பது நான்காவது மாடி, தெருவோ மேசைபோலச் சமதளம், உங்களுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். ஐஸ்கட்டி வைக்காத நாளில் எழுதியிருந்தால் மூன்றோ நான்கோ கொடுத்திருப்பேன். அது வேறு விஷயம்.

போன சனிக்கிழமை என் மனைவி நகரத்துக்குள் ஒரு வீடு பார்த்துவந்தாள். லிஃப்ட் உண்டு, பள்ளிக்கூடம் நடக்கும் தூரம், வாடகையும் குறைவு. நானும் போய்ப் பார்த்தேன். சுவரில் ஈரம் ஓதமடிக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் வாசலுக்கு வந்து தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறை பார்த்தாள். தெரு சமதளமாகத்தான் இருந்தது.