சோஷியல் செக்யூரிட்டியின் கவுண்டி வாரிப் பட்டியல்: ஒரு பயனரின் மதிப்பீடு

அமெரிக்காவில் ஒரு கவுண்டியில் (மாநிலத்துக்குள் அமைந்த, மாவட்டத்தை ஒத்த நிர்வாகப் பிரிவு) எத்தனை பேருக்கு மாதந்தோறும் அரசின் ஓய்வூதியம் வருகிறது, வேலை செய்ய இயலாத அளவுக்கு உடல்நலம் குன்றியவர்களுக்கான உதவித்தொகை எத்தனை பேருக்கு வருகிறது என்று அறிய விரும்புவோர் முதலில் திறக்க வேண்டியது, இவ்விரண்டும் அடங்கிய 'சோஷியல் செக்யூரிட்டி' என்னும் அரசுத் திட்டத்தை நடத்தும் சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம் ஆண்டுதோறும் வெளியிடும் கவுண்டி வாரிப் பயனாளிகள் பட்டியலைத்தான். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாத நிலவரத்தைக் காட்டும் இந்தப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. எக்செல் கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம். முதியோருக்கான உதவிகளை எந்தப் பகுதியில் தொடங்குவது என்று தீர்மானிக்க வேண்டிய தன்னார்வலர்களுள் ஒருவன் என்ற முறையில் இதைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். என் மதிப்பீட்டைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: எண்ணிக்கையைப் பொறுத்தவரை இது மிகவும் நம்பத்தக்க ஆவணம், ஆனால் அந்த எண்ணிக்கையைச் சரியாகப் புரிந்துகொள்ள வாசகருக்கு இது தரும் உதவி மிகக் குறைவு.

இந்தப் பட்டியலின் முதன்மையான சிறப்பு அதன் மூலத்தில் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கீட்டு அலுவலகம் நடத்தும் அமெரிக்க சமூகக் கணக்கெடுப்பும் ஒரு பகுதியில் எத்தனை குடும்பங்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி வருமானம் வருகிறது என்று சொல்கிறது. எனினும் அது மாதிரிக் கணக்கெடுப்பு என்பதால், மக்கள் குறைவாக உள்ள கவுண்டிகளில் அதன் பிழை வரம்பு பெரிதாகிவிடுகிறது. மேலும், தமக்கு வருவது சோஷியல் செக்யூரிட்டியா, ஏழைகளுக்கான எஸ்.எஸ்.ஐ. உதவியா என்று பெறுகிறவர்களே குழம்பி விடையளிப்பதும் உண்டு. நிர்வாகத்தின் பட்டியலோ பணம் வழங்கும் பதிவேட்டிலிருந்தே எடுக்கப்படுகிறது. யாருடைய நினைவையும் அது நம்பியிருக்கவில்லை. ஏறத்தாழ மூவாயிரம் கவுண்டிகளுக்கும், கவுண்டிக்கு இணையான லூசியானாவின் பாரிஷ்களுக்கும், அலாஸ்காவின் பரோக்களுக்கும், எந்தக் கவுண்டியிலும் சேராத வர்ஜீனியாவின் தனி நகரங்களுக்கும் ஒரே அமைப்பில் எண்கள் தரப்படுகின்றன. எத்தனை பேர் என்பதோடு, மாதந்தோறும் அந்தக் கவுண்டிக்குள் வரும் மொத்தத் தொகையும் தனி அட்டவணையில் ஆயிரம் டாலர் கணக்கில் இருக்கிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்து அந்த ஊரின் சராசரித் தொகையை அறிந்து, நாட்டின் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2023 டிசம்பரில் ஓய்வுபெற்ற தொழிலாளர் ஒருவருக்கு நாடு தழுவிய சராசரி மாதத்துக்குச் சுமார் 1,905 டாலராக இருந்தது.

பயனாளிகளை வகை பிரித்துக் காட்டுவதே இப்பட்டியலில் நான் மிகவும் மதிக்கும் அம்சம். ஓய்வுபெற்ற தொழிலாளர்கள், அவர்களுடைய துணைவர்கள், பிள்ளைகள். இறந்த தொழிலாளர்களின் துணைவர்கள், பிள்ளைகள். இயலாமைத் தொகை பெறும் தொழிலாளர்கள், அவர்களுடைய குடும்பத்தினர் என்று ஒவ்வொரு வகையும் தனித்தனியே தரப்பட்டுள்ளது. இந்தப் பிரிப்பு இல்லாவிட்டால் வெறும் மொத்தம் நம்மை எவ்வளவு தவறாக வழிநடத்தும் என்பதற்கு இரண்டு கவுண்டிகளைப் பார்க்கலாம். ஃபுளோரிடாவின் சம்டர் கவுண்டியில் 'தி வில்லேஜஸ்' என்னும் மாபெரும் ஓய்வுக்காலக் குடியிருப்பின் பெரும்பகுதி அமைந்திருக்கிறது. அங்கு வசிப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் 65 வயதைக் கடந்தவர்கள். மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுண்டி நிலக்கரிச் சுரங்கங்களால் வளர்ந்து, அவற்றில் பல மூடப்பட்டபின் தளர்ந்த பகுதி; 1950இல் ஏறத்தாழ 99,000 ஆக இருந்த அதன் மக்கள்தொகை 2020இல் 19,111 ஆகச் சுருங்கியது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இரண்டு கவுண்டிகளிலுமே பயனாளிகள் மிக அதிகம். ஆனால் முதலாவது, உழைத்துச் சேமித்து வசதியோடு வேறு மாநிலங்களிலிருந்து குடியேறியவர்களின் ஊர். இரண்டாவதில் இளைஞர்கள் வேலை தேடி வெளியேறிவிட்டார்கள். முதுகும் நுரையீரலும் பழுதடைந்த நிலையில் ஐம்பது வயதிலேயே வேலையை விட நேர்ந்தவர்கள் எஞ்சியிருக்கிறார்கள். அட்டவணையின் ஒரே பத்தியில் (நெடுவரிசையில்) அடங்கும் மொத்த எண்ணிக்கை இந்த வேறுபாட்டை மறைத்துவிடும். இயலாமைத் தொகைக்கான பத்தியைப் படிக்கும்போதுதான் அது வெளிப்படும். உள்ளூர்த் திட்டம் வகுக்கும் எவரும் அந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்கான பத்திகளைப் பலர் படிப்பதே இல்லை. சோஷியல் செக்யூரிட்டி என்றால் முதியோருக்கானது என்ற எண்ணம் ஆழமாக ஊன்றியிருப்பதே அதற்குக் காரணம். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த ஓய்வூதியம் ஓய்வுபெறும் தொழிலாளர்களை மட்டுமே கருதி வகுக்கப்பட்டது உண்மைதான். ஆனால் 1939ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே துணைவர்களும், இறந்தவர்களின் குடும்பத்தினரும் சேர்க்கப்பட்டுவிட்டனர். இயலாமைத் தொகை 1956இல் வந்தது. தாயையோ தந்தையையோ இழந்த சிறுவர்கள் எத்தனை பேர் ஒரு கவுண்டியில் இந்தத் தொகையைப் பெறுகிறார்கள் என்பது பள்ளிகளுக்கும் குழந்தைகள் நலத்துறைக்கும் பயன்படக்கூடிய தகவல். இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை: 22 வயதுக்கு முன்பே இயலாமை தொடங்கிய, இன்று நாற்பதோ ஐம்பதோ வயதான மகனும் மகளும்கூட இந்தக் கணக்கில் 'பிள்ளைகள்' என்றே சேர்க்கப்படுகிறார்கள். ஆகவே அந்தப் பத்தியில் உள்ள அனைவரும் சிறார் என்று கொண்டுவிட முடியாது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை, பட்டியலில் மக்கள்தொகைப் பத்தி இல்லாதது. ஒரு கவுண்டியில் பத்தாயிரம் பயனாளிகள் என்றால் அது அதிகமா குறைவா என்பது, அங்கு மொத்தம் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும். மேற்கு வர்ஜீனியாவிலும் மெய்னிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு சோஷியல் செக்யூரிட்டி வருகிறது. இளையோர் மிகுந்த யூட்டாவில் இந்த விகிதம் ஏறக்குறைய அதில் பாதி. இத்தகைய ஒப்பீட்டைச் செய்ய வாசகர் வேறொரு துறையின் கோப்பைத் தேடிப் பிடித்து, கவுண்டிப் பெயர்களைப் பொருத்தி, தாமே விகிதம் கணக்கிட வேண்டும். பயிற்சி உள்ளவர்களுக்கு இது சிறிய வேலையாக இருக்கலாம். ஆனால் உள்ளூர் நூலகத்தில் அமர்ந்து தம் ஊருக்காக ஒரு மனு எழுத முயலும் குடிமகனுக்கு இது பெரிய தடை.

காலப்போக்கில் எண்கள் மாறுவதற்கான காரணத்தைப் பட்டியல் தெளிவாக விளக்காதது இரண்டாவது குறை. நாடு முழுவதும் இயலாமைத் தொகை பெறும் தொழிலாளர்களின் எண்ணிக்கை 2014இல் சுமார் 89 லட்சம் என்ற உச்சத்தைத் தொட்டு, 2023 இறுதிக்குள் 74 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. இதைக் கண்டு மக்களின் உடல்நலம் மேம்பட்டுவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு. இயலாமைத் தொகை பெறுபவர் முழு ஓய்வு வயதை எட்டியதும், எந்த விண்ணப்பமும் இன்றி ஓய்வூதியப் பத்திக்கு மாற்றப்படுகிறார். அவருடைய நோயும் மாறுவதில்லை, தேவையும் மாறுவதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை அந்த வயதைக் கடந்தது இந்தச் சரிவின் முக்கியக் காரணங்களில் ஒன்று. ஒரு கவுண்டியில் இயலாமைப் பத்தி இறங்குவதைக் காட்டி அங்குள்ள உதவி மையத்தின் நிதியைக் குறைக்கலாம் என்று வாதிடுபவர்கள், பக்கத்திலுள்ள ஓய்வூதியப் பத்தி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் பார்த்தே ஆக வேண்டும். முதல் பக்கத்திலேயே இதை எச்சரிக்கையாக அச்சிட்டிருக்கலாம்.

பட்டியலில் இடம்பெறாதவர்களையும் கருத வேண்டும். வருமானமும் சொத்தும் மிகக் குறைவாக உள்ள முதியோருக்கும், பார்வையற்றோருக்கும், இயலாமை உடையவர்களுக்கும் 1974 முதல் வழங்கப்படும் எஸ்.எஸ்.ஐ. உதவிக்கு இதே நிர்வாகம் தனியாக ஒரு கவுண்டி வாரிப் பட்டியல் வெளியிடுகிறது. இரண்டு பட்டியல்களின் மொத்தத்தையும் கூட்டிவிட்டால் கணக்கு தவறும், ஏனெனில் எஸ்.எஸ்.ஐ. பெறுபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சோஷியல் செக்யூரிட்டியும் பெறுகிறார். நல்லவேளையாக, இரண்டையும் பெறுவோரின் எண்ணிக்கை அந்த இரண்டாவது பட்டியலில் தனியே கிடைக்கிறது. ரயில்வே ஊழியர்களின் ஓய்வூதியம், முன்னாள் படைவீரர்களின் இயலாமை ஈட்டுத்தொகை, சுரங்கத் தொழிலாளர்களின் கருநுரையீரல் நோய்க்கான தொகை ஆகியவை வேறு அமைப்புகளிடம் உள்ளன. மாசசூசெட்ஸ், ஒஹாயோ போன்ற மாநிலங்களில் பொதுப்பள்ளி ஆசிரியர்கள் சோஷியல் செக்யூரிட்டிக்கு வெளியே, மாநில ஓய்வூதியத் திட்டங்களில் இருக்கிறார்கள். எனவே அரசு ஓய்வூதியத்தை நம்பி வாழ்வோர் அனைவரும் இந்தப் பட்டியலில் அடங்கிவிட்டார்கள் என்று எண்ணக் கூடாது.

பெறுவது வேறு, நம்பியிருப்பது வேறு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சேமிப்பும் வாடகை வருமானமும் உள்ள ஒருவரும், வேறு ஒரு டாலர்கூட வராத மூதாட்டியும் இந்தப் பட்டியலில் ஆளுக்கு ஓர் எண்ணாகவே நிற்கிறார்கள். அந்த வேறுபாட்டை ஓரளவேனும் உணர எஸ்.எஸ்.ஐ. பட்டியலே துணை செய்கிறது, ஏனெனில் தனி நபரின் கணக்கில் கொள்ளப்படும் சொத்து 2,000 டாலரைத் தாண்டினால் அந்த உதவி கிடைக்காது. 1989 முதல் ஒரு டாலர்கூட உயர்த்தப்படாத இந்த வரம்பு, கடுமையான வறுமையில் இருப்பவர்களை மட்டுமே உள்ளே விடுகிறது என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன்.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பட்டியலைப் படிக்கும்போது வேறொரு கவனமும் வேண்டும். பிள்ளைகளோடு வாழ கிரீன் கார்டு பெற்று வந்த பெற்றோர் பலர், ஓய்வூதியத் தகுதிக்குத் தேவையான நாற்பது கிரெடிட் (ஏறத்தாழ பத்து ஆண்டு வேலைக்குரிய புள்ளிகள்) சேரும் அளவுக்கு இங்கு வேலை செய்யாதவர்கள். 1996ஆம் ஆண்டு நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பின் குடியுரிமை பெறாத குடியேறிகளில் பெரும்பாலோருக்கு எஸ்.எஸ்.ஐ. உதவியும் எளிதில் கிடைப்பதில்லை. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சோஷியல் செக்யூரிட்டி ஒப்பந்தம் இல்லாததால், இந்தியாவில் உழைத்த ஆண்டுகள் இங்கே கணக்கில் சேர்வதுமில்லை. ஆகவே ஒரு கவுண்டியின் பயனாளிகள் எண்ணிக்கையை வைத்து அங்குள்ள நம் முதியவர்களின் தேவையை அளக்க முற்பட்டால், உண்மையைவிட மிகக் குறைவான அளவே கிடைக்கும். அவர்களை நேரில் கணக்கெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சிறிய குறைகள் சில உண்டு. தனி நபர்களின் விவரம் வெளிப்பட்டுவிடாதிருக்க எண்கள் ஐந்தின் மடங்குகளாகத் திருத்தப்படுகின்றன. இது நியாயமான ஏற்பாடு, என்றாலும் மிகச் சிறிய கவுண்டிகளில் ஆண்டுக்கு ஆண்டு ஏற்படும் மாற்றத்தைப் படிக்கும்போது நினைவில் வைக்க வேண்டும். டிசம்பர் நிலவரம் வெளியாகப் பல மாதங்கள் ஆகின்றன. கவுண்டியைவிட நுணுக்கமாகப் பார்க்க விரும்புவோருக்கு ஜிப் கோடு (அஞ்சல் குறியீட்டு எண்) வாரியான பட்டியலும் உண்டு; பெரிய கவுண்டிகளில் பணியாற்றுவோருக்கு அதுவே கூடுதல் பயன் தரும்.

உள்ளாட்சி உறுப்பினர்கள், செய்தியாளர்கள், சமூகச் சேவை அமைப்பினர் ஆகியோருக்கு இந்தப் பட்டியலைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஆனால் எஸ்.எஸ்.ஐ. பட்டியலையும் மக்கள்தொகைக் கோப்பையும் அருகில் வைத்துக்கொண்டே படியுங்கள்; ஓர் ஆண்டின் எண்ணை மட்டும் எடுக்காமல் பத்தாண்டுகளின் கோப்புகளை வரிசையாக ஒப்பிடுங்கள். அடுத்த பதிப்பில் மக்கள்தொகைக்கு ஒரு பத்தியும், இயலாமைத் தொகையிலிருந்து ஓய்வூதியத்துக்கு அந்த ஆண்டில் மாற்றப்பட்டவர்களுக்கு ஒரு பத்தியும் சேர்க்கும்படி நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.