அப்சிடியனும் ஓலாமாவும்: சொந்தக் குறிப்புகளுக்கு ஏற்ற இணை

நாட்குறிப்பையும் குடும்பக் கடன் கணக்கையும் செயற்கை நுண்ணறிவிடம் காட்டத் தயங்குபவர்களுக்கு இந்த இணையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். அப்சிடியன் என்ற குறிப்பெடுக்கும் செயலி, குறிப்புகளை நம் கணினியிலேயே மார்க்டவுன் என்ற எளிய உரைக் கோப்புகளாக வைத்திருக்கிறது. ஓலாமா என்ற மென்பொருள், பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவான மொழி மாதிரியையும் அங்கேயே இயக்குவதால், ஒருமுறை பதிவிறக்கிய பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டு, அம்மாவின் சர்க்கரை அளவுக் குறிப்புகளைத் தொகுக்கச் சொன்னாலும் பதில் வருகிறது. 700 கோடி அளவுருக்கள் (மாதிரியின் அளவைக் காட்டும் உள் எண்கள்) கொண்ட மாதிரிக்கு 8 ஜிபி ரேமாவது வேண்டும். சிறிய மாதிரிகள் தமிழில் தடுமாறுவது பெரிய குறைதான்.

கவனம் தேவைப்படும் இடம், அப்சிடியனை ஓலாமாவுடன் இணைக்கச் சேர்க்கும் சிறு நிரல்களான செருகுநிரல்கள். பிறர் எழுதிய செருகுநிரல்களால் கோப்புகளைப் படிக்கவும் இணையத்தை அணுகவும் முடியும் என்பதால், செருகுநிரலின் அமைப்புப் பக்கத்தில் மாதிரியின் முகவரி ‘லோக்கல்ஹோஸ்ட்’ (நம் கணினியையே குறிக்கும் பெயர்) என்றுதான் இருக்கிறதா என்று பார்த்த பின்பே குறிப்புகளைத் திறந்துவிடுங்கள். ஓலாமாவிலேயே, பெயர் ‘கிளவுட்’ என்று முடியும் மாதிரிகள் வெளிச் சேவையகத்தில் இயங்குபவை. அந்தரங்கக் குறிப்புகளுக்கு அவை வேண்டாம்.