இறுகிப்போன நட்டுக்கு எந்த ஸ்பானர்? எட்டு வருஷம் பயன்படுத்தினதுல தெரிஞ்சது

பைக், கார் சின்ன வேலையெல்லாம் எட்டு வருஷமா நானேதான் பாக்குறேன். ஆரம்பத்துல ஒரு ஸ்க்ரூ ஸ்பானரும் டபுள் எண்ட் (ரெண்டு முனையிலயும் திறந்த வாய் இருக்கிற ஸ்பானர்) செட்டும் மட்டும்தான் இருந்துச்சு, எல்லாத்துக்கும் அதுவே போதும்னு நெனச்சேன். சைலன்சர் நட்டு ஒண்ணு துருப்பிடிச்சு இறுகிப்போயிருந்தப்பதான் உண்மை புரிஞ்சுது. டபுள் எண்ட் ஸ்பானர் நட்டோட ரெண்டு பக்கத்தை மட்டும்தான் புடிக்கும், அழுத்துனதும் வாய் லேசா விரிஞ்சு சரக்குனு வழுக்கிடுச்சு, நட்டு மூலையெல்லாம் பளபளன்னு தேஞ்சுபோச்சு. அப்புறம் 12 பாயிண்ட் ரிங் (உள்ள 12 மூலை இருக்கிற வளைய ஸ்பானர்) போட்டேன், மிச்சமிருந்த மூலையும் மொட்டை.

அதுக்கப்புறம் வாங்கினதுதான் 6 பாயிண்ட் சாக்கெட் (உள்ள 6 மூலை இருக்கிற, நட்டு மேல கப்பு மாதிரி மாட்டுற) செட். 12 பாயிண்ட்டை 30 டிகிரிக்கு ஒருதடவை மாத்தி மாட்டலாம், இடுக்குல அது வசதிதான், ஆனா புடிக்கிறது மூலைக்கு ரொம்பப் பக்கத்துல. 6 பாயிண்ட் பட்டையான பக்கத்துல நல்லா உக்காரும், துருப்பிடிச்ச நட்டுக்கு நான் வேற எதையும் மொதல்ல எடுக்கிறதே இல்ல. சைஸ் மட்டும் ரொம்ப கவனம், போல்ட் தலையோட எதிரெதிர் பட்டைக்கு நடுவுல அரை இஞ்ச்னா 12.7 மிமீ, அதுக்கு 13 போட்டா மாட்டும், ஆனா ஆடும், அந்த ஆட்டம் போதும் மூலைய தின்னுடும்.

அடுத்தது கைப்பிடி நீளம். 25 செமீ ராட்செட்ல (சாக்கெட்டை ஒரு பக்கமா மட்டும் திருப்புற, உள்ள பல்லு வெச்ச கைப்பிடி) 20 கிலோ பலம் குடுத்தா திருப்புற விசை சுமார் 50 நியூட்டன் மீட்டர், அதே பலத்தை 60 செமீ ப்ரேக்கர் பார்ல (பல்லு இல்லாத நீளக் கைப்பிடி) குடுத்தா கிட்டத்தட்ட 120. ராட்செட்ல பைப்ப சொருகி இழுத்து உள்ள இருக்கிற பல்லை ஒடைச்சிருக்கேன், தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க. டார்க் ரெஞ்சையும் கழட்ட எடுக்காதீங்க, அது இறுக்கத்தை அளக்கத்தான். எம்6 (6 மிமீ தடிமன்) மாதிரி சின்ன போல்ட்டுக்கு நீள பார் வேண்டவே வேண்டாம், தலை தனியா கையோட வந்துடும். அங்கெல்லாம் துருவை இளக்குற எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலைல மொதல்ல கொஞ்சம் இறுக்கிப் பாத்து, டக்குனு துரு விட்ட சத்தம் கேட்டதும் திருப்பிக் கழட்டுவேன்.

ப்ரேக் பைப் நட்டு மட்டும் வேற கதை. நடுவுல பைப் போறதால சாக்கெட் மாட்டவே முடியாது, நட்டும் மெல்லிசு. ரிங்ல பைப் நுழையிற அளவுக்கு வெட்டு விட்ட ஃப்ளேர் நட் ஸ்பானர் தனியா வாங்கி வெச்சிருக்கேன், வருஷத்துக்கு ஒருதடவைதான் எடுப்பேன்.